பெட்டிக்குள் இருந்த ஐந்தரைக் கட்டை

அந்தக் குட்டிக் கீபோர்டை முதன்முதலில் பார்த்தபோது விழுந்து விழுந்து சிரித்தேன். அதற்குப் பிறகு அதைப் பார்த்துப் பயந்ததைப்போல வேறு எதைப் பார்த்தும் நான் பயந்ததில்லை. பாம்பு, போலீஸ், மாமியார் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அப்போது நாங்கள் கம்பத்தில் இருந்தோம். திராட்சைத் தோட்டத்தை ஒட்டிய கடைசித் தெருவில் வீடு. நான் ஒரு மெல்லிசைக் குழுவில் பாடிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் அதே குழுவில் தபேலா வாசித்தார். குழுவை நடத்தியவர் உத்தமபாளையத்து ராவுத்தர். மேடையில் ஆர்கன் வாசிப்பவரும் அவர்தான். ஊரெல்லாம் அவரை பாய் என்று கூப்பிடும், நான் மட்டும் அண்ணே என்பேன். கூடலூரிலிருந்து வடுகபட்டி வரைக்கும் கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து என்று எங்கே மேடை போட்டாலும் எங்கள் வேன் போய் நிற்கும்.

பாடுகிறவர்கள் குரலைக் கட்டைக் கணக்கில்தான் சொல்வோம். ஆர்மோனியத்தில் எந்தக் கட்டையை ‘ச’ என்று வைத்துக்கொண்டு பாடுகிறோமோ அதுதான் நம்முடைய கட்டை. ஆண்கள் ஒன்று, ஒன்றரை, இரண்டு என்று கீழே நிற்பார்கள். பெண்கள் ஐந்து, ஐந்தரை. நான் ஐந்தரை. மூன்று கறுப்புக் கட்டைகள் சேர்ந்தாற்போல இருக்கும் இடத்தில் நடுவில் இருப்பது. விழாக் கமிட்டிக்காரர்களிடம் என்னைக் காட்டும்போது அண்ணன் என் பெயரைச் சொல்லமாட்டார். “தங்கச்சி அஞ்சரைக் கட்டை” என்பார். அதைக் கேட்கும்போது எனக்குத் தலைகால் புரியாது. மனிதர்களுக்கு என்னென்னவோ பெருமை இருக்கும், எனக்கு அந்தக் கறுப்புக் கட்டைதான்.

துபாயிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவரிடமிருந்து அண்ணன் அந்தக் குட்டிக் கீபோர்டைக் கொண்டுவந்தார். கை நீளம்கூட இல்லை. கட்டைகள் எல்லாம் சின்னப் பிள்ளை விரலுக்குச் செய்த அளவு. அதில் ஒரு வித்தை இருந்தது. ஓரத்தில் உள்ள சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டு நாம் என்ன சத்தம் கொடுத்தாலும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு எந்தக் கட்டையைத் தொட்டாலும் அதே சத்தம் அந்தக் கட்டையின் சுருதியில் வரும். ஒத்திகையில் எல்லோரும் சுற்றி நின்றுகொண்டிருந்தபோது அண்ணன் பொத்தானை அமுக்கி, “குடு தங்கச்சி” என்றார். நான் என் ஐந்தரையில் ‘ஆ’ என்று ஒரு சின்ன இழுப்பு இழுத்தேன். அவ்வளவுதான் அதற்குக் கொள்ளும், ஒரு மூச்சில் கால்வாசி.

அண்ணன் கட்டைகளில் வலது பக்கம் போகப்போக என் குரல் கொசுவாகியது. இடது பக்கம் இறங்க இறங்கத் தடித்து, இழுபட்டு, கடைசியில் எருமை கத்துவதுபோல ஆகிவிட்டது. குழுவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. “எங்க வீட்டுல எரும வாங்கிக் கட்டியாச்சுப்பா” என்றார் என் வீட்டுக்காரர். நானும் சிரித்தேன். அப்போது என் கழுத்தில் பாக்கு அளவுக்கு ஒரு கட்டி இருந்தது. புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு மேடையேறிக்கொண்டிருந்தேன்.

கட்டி எலுமிச்சை அளவுக்கு வந்த பிறகு மதுரையில் ஆபரேஷன். டாக்டர் நல்ல மனிதர். குரலுக்கான நரம்பு அந்தக் கட்டியை ஒட்டித்தான் போகிறது, பத்திரமாகத்தான் செய்வோம், ஆனாலும் அது கொஞ்ச நாள் சோர்ந்து போகலாம் என்று முன்னாலேயே சொல்லியிருந்தார். நான் கேட்டுக்கொண்டேன். ஆனால் அது வேறு யாருக்கோ சொன்னது என்று மனசு வைத்துக்கொண்டது. கண் விழித்ததும் தண்ணீர் கேட்டேன். வாய் அசைந்தது, காற்று வந்தது, தண்ணீர் என்ற சொல் வரவில்லை.

“சில பேருக்கு மெள்ளத் திரும்பி வரும். சில பேருக்குப் பழையபடி வராது. சில மாசம் பொறுத்துப் பார்ப்போம்” என்றார் டாக்டர். நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று தெரியாத அந்தப் பேச்சைப்போல மனிதரைக் கொல்வது வேறில்லை. கம்பத்துக்கு பஸ்ஸில் வரும்போது ஆண்டிபட்டிக் கணவாய் முழுக்க என் கை என் வீட்டுக்காரரின் சட்டையைப் பிடித்தபடியே இருந்தது.

வீட்டில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து முயற்சி செய்வேன். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, என் ஐந்தரையை மனசுக்குள் பிடித்துக்கொண்டு, வாயைத் திறப்பேன். பஞ்சரான டியூபில் காற்று அடிப்பதுபோல உஸ்ஸென்று போகும். ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் அதே ஐந்தரை, மறுபடியும் உஸ். பாட்டு இல்லாவிட்டால் நான் யார் என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்காது. அதைச் சொல்வதற்கும் குரல் வேண்டுமே.

இப்படியிருக்கும்போது ஒரு நாள் அண்ணன் தன் டி.வி.எஸ். வண்டியில் வந்து இறங்கினார். கையில் துண்டில் சுற்றிய அந்தக் குட்டிக் கீபோர்டு. வீட்டுக்குள் வந்து அதைக் கட்டில்மேல் வைத்துவிட்டு நின்றபடியே பேசினார்.

“இந்தா பாரு தங்கச்சி. படுத்துக் கெடந்தா கொரலு வராது, கொறட்டதான் வரும். இது இங்கனயே இருக்கட்டும். தினம் ஒரு மெட்டுப் போடணும். அன்னைக்கி ஒன் காதுல என்ன விழுந்துச்சோ அதுலருந்துதான் எடுக்கணும். சினிமாப் பாட்டு ஆகாது. சாயந்தரம் நான் வந்து கேப்பேன். ஒரு நா இல்லேன்னாலும் பொட்டியத் தூக்கிட்டுப் போயிருவேன்.”

எனக்குக் கட்டைகளில் விரல் வைத்துப் பழக்கமே இல்லை என்று கையை ஆட்டிக் காட்டினேன். அவர் அதைக் கண்டுகொள்ளாமல், மூன்று கறுப்பில் நடுக் கறுப்பைத் தொட்டார்.

‘ஆ’ என்றது பெட்டி.

என் குரல். ஐந்தரையில் சுத்தமாக, ஒரு பிசிறு இல்லாமல். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன்.

“அழியலையாண்ணே?” என்று காற்றாகக் கேட்டேன்.

“உள்ள செல்லு இருக்குற வரைக்கும் இருக்கும். அந்தச் செவப்புப் பட்டன மட்டும் தொட்டுராத. தொட்டேன்னா பழசு போயி, அந்த நேரத்துல என்ன சத்தம் கேக்குதோ அது ஏறிக்கிரும்.”

அவர் போய்விட்டார். என் பயம் அந்த இடத்தில்தான் முறையாகக் குடியேறியது. என் குரல் கேசட்டுகளில் இருந்தது உண்மைதான். ஆனால் கேசட்டில் இருப்பது என்றைக்கோ பாடி முடித்தது. பெட்டியில் இருப்பது நான் சொல்கிறபடி இன்றைக்குப் புதிதாகப் பாடும். உலகத்தில் எனக்கு மிச்சமிருந்த ஒரே குரல் அது. அதற்கும் சாவுக்கும் நடுவில் ஒரு சிவப்புப் பொத்தான், அதுவும் தாளத்தைத் தொடங்குகிற பொத்தானுக்கு ஒரு விரல் அகலம் தள்ளி. தெருவில் ஆடு கத்தினால் ஆடு ஏறிக்கொள்ளும். மாமியார் இருமினால் மாமியார் ஏறிக்கொள்வார். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். எனக்கு வழியே வேண்டாம், கட்டிலில் உட்கார்ந்தபடியே பயம்.

வீட்டுக்காரர் என் நிலைமையைப் பார்த்துவிட்டு, கழுத்துக் கட்டுக்கு வாங்கியதில் மிச்சமிருந்த பிளாஸ்திரியை வெட்டி, சிவப்புப் பொத்தான்மேல் பெருக்கல் குறிபோல ஒட்டினார். “இப்ப நீயும் அதுவும் ஒண்ணு” என்றார். என் கழுத்திலும் அதே பிளாஸ்திரிதான் இருந்தது.

முதல் நாள் மெட்டு குமுளி ஜீப். எங்கள் தெரு முனையில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் நிற்கும். “குமுளி குமுளி குமுளீ” என்று கூப்பிடுவார்கள். கடைசிக் குமுளி மட்டும் மேலே ஏறி வளையும். வாழ்நாளெல்லாம் கேட்ட சத்தம். அது எத்தனை ஸ்வரம் என்று கட்டையில் தேடியபோதுதான் எனக்கு ஒன்றும் தெரியாது என்று தெரிந்தது. தொண்டைக்குத் தெரிந்தது விரலுக்குத் தெரியவில்லை. பக்கத்துக் கட்டையையெல்லாம் இடித்துக்கொண்டு, பொத்தானிலிருந்து கையை எட்டவே வைத்துக்கொண்டு, மத்தியானம் முழுக்க அந்த மூன்று குமுளியோடு மல்லுக்கட்டினேன். சாயந்தரம் வாசித்துக் காட்டினேன். அண்ணன் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “ஜீப்பு லோயர் கேம்ப்புலயே நின்னுபோச்சே” என்றார். மலை ஏறுவதற்கு முன்னால் அடிவாரத்தில் இருக்கும் ஊர் அது. கடைசி வளைவு எனக்கு வரவில்லை.

பிறகு நாளுக்கொன்றாக வந்தது. திராட்சைக்கு மருந்தடிக்கும் மெஷின் திக்கித் திக்கி நிற்கிற சத்தம். பக்கத்து வீட்டில் குக்கர் மூன்றாவது விசிலைப் பாதியில் விட்டுவிடுவது. நன்றாக நினைவிருப்பது ஒரு மலையாளத்து வியாபாரி வாழைத்தாரை விலை பேசியது. அவர் கேட்பதும் எங்கள் ஆள் மறுப்பதும் மேலும் கீழுமாக அப்படியே ஒரு பாட்டாக இருந்தது. விரல் மெதுவாக வசமானது. ‘ஆ’ சட்டென்று முடிந்துவிடும் என்பதால் அதைச் சுற்றிச் சுற்றி ஓடவைக்கும் ஒரு சின்ன விசை இருந்ததைக் கண்டுபிடித்தேன். அதைத் தள்ளினால் கட்டையை அமுக்கியிருக்கும் வரைக்கும் ‘ஆ’ நீளும். நடுநடுவே வண்டி வேகத்தடை ஏறி இறங்குவதுபோல ஒரு குலுக்கல் இருக்கும். அந்தக் குலுக்கல் வராத அளவு பார்த்து விரலை எடுக்கப் பழகினேன்.

அண்ணனுக்குக் கோபம் வந்தது ஒரு விஷயத்தில்தான். “இதுல பியானோ இருக்கு, குழல் இருக்கு, டிரம்பெட்டு இருக்கு. எப்பப் பாரு ஒன் ஆ-வையே புடிச்சுக்கிட்டுக் கெடக்கியே தங்கச்சி?”

நான் மாற்றவில்லை. பியானோவுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தால் என் குரல் அங்கே இல்லாவிட்டால் என்ன செய்வேன்? அப்படி ஆகாது என்று அவர் மாற்றி மாற்றிக் காட்டினார். அவர் காட்டுகிற வரைக்கும் என் மூச்சு என்னிடம் இல்லை. அதேபோல இடது கைப்பக்கத்துக் கட்டைகளுக்கும் நான் போகமாட்டேன். அங்கே எருமை இருந்தது. இருக்கிற கொஞ்சக் குரலை அசிங்கப்படுத்த எனக்கு மனமில்லை.

என் மாமியார் திராட்சைத் தோட்டத்தில் கவாத்து வேலைக்குப் போய் வருவார். சாயந்தரம் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து இந்தக் கூத்தையெல்லாம் கேட்டுக்கொண்டே இருப்பார். ஒரு சனிக்கிழமை குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போய் எள் தீபம் போட்டுவிட்டு வந்தார். என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, பெட்டியைக் காட்டிக் கேட்டார்.

“ஏத்தா, நான் ஒண்ணு கேக்கேன். ஆபரேசனுக்கு முன்னாடியே கொரல இதுக்குள்ள கொண்டுபோயி வச்சது யாரு?”

நான்தான் என்று விரலைக் காட்டினேன்.

“அப்பறம் தொண்டைக்கி எங்குட்டு இருந்து வரும்? ஒரு கத்தி எப்படித்தா ரெண்டு ஒறைக்குள்ள இருக்கும்? அழிச்சு விட்ரு. தன்னால வருது பாரு.”

“ஆத்தா, சும்மா இருக்கமாட்ட?” என்று வீட்டுக்காரர் சத்தம் போட்டார். “டாக்டரு அப்படியா சொன்னாக?”

“டாக்டரு என்னத்தக் கண்டாக? பொட்டியவா பாத்தாக?”

நான் பன்னிரண்டு வரை படித்தவள். சிரித்துவிட்டுப் போயிருக்க வேண்டும். ஆனால் அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அந்தக் கத்தியும் உறையும் என் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டன. அழித்தால் தொண்டைக்கு வரலாம். அழித்தும் வராவிட்டால் இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. அழிக்காமல் வைத்திருந்தால், என் குரலுக்கு நானே சிறை வைத்தவளாக இருக்கலாம். ஒரு மத்தியானம் பிளாஸ்திரியின் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தேன். கொஞ்சம் எழும்பியது. எச்சில் தொட்டு மறுபடியும் ஒட்டிவிட்டேன். அன்றைக்கு மெட்டே வரவில்லை. அண்ணன் வரும் நேரத்துக்குப் பார்த்துப் பழைய குக்கரையே கொஞ்சம் மாற்றி வாசித்தேன். கண்டுபிடித்துவிட்டார், ஆனால் பெட்டியைத் தூக்கவில்லை.

ஆனி பிறந்ததும் எங்கள் பள்ளத்தாக்கில் காற்று தொடங்கிவிடும். மலைச்சந்து வழியாக வந்து வாழையைக் கிழித்து, கொடியில் காயும் துணியை அடுத்த தெருவில் கொண்டுபோய்ப் போடும். கரண்ட் கம்பிகள் ஒன்றோடொன்று உரசி மின்சாரம் வரும், போகும், வரும். அந்தக் காற்று தொடங்கிய வாரத்தில்தான் பெட்டியில் என் குரல் நடுங்க ஆரம்பித்தது. ஐந்தரையைத் தொட்டால் ‘ஆ’ கம்மியது. அதற்கும் தொண்டை கட்டிக்கொண்டது.

“செல்லு எறங்குது” என்றார் அண்ணன். அடுத்த நாள் அடாப்டர் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். “கரண்ட்டுல ஓடவிட்டுக்கிட்டே பழைய செல்லக் கழட்டிப் புதுச மாட்டணும். நடுவுல கரண்ட்டு போயிரக் கூடாது. போச்சுன்னா எல்லாம் போச்சு.”

மாற்றாவிட்டால் செல் தானாகச் செத்து, குரல் போகும். மாற்றும்போது கரண்ட் போனாலும் குரல் போகும். காற்றோ நிற்பதாக இல்லை. விசிறி ஓடுகிறதா என்று மேலேயே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விசிறி நிற்கும்போதெல்லாம் என் நெஞ்சும் நிற்கும். செல்லை மிச்சம் பிடிக்க அன்றன்றைய மெட்டை வெறும் கட்டையில் விரலால் தடவிப் பழகிவிட்டு, சாயந்தரம் அண்ணனுக்கு ஒரே ஒரு தடவை மட்டும் வாசித்துக் காட்டுவேன். ஒவ்வொரு நாளும் குரல் இன்னும் கொஞ்சம் கம்மி ஒலித்தது.

ஒரு நாள் காலையில் காற்று ஓய்ந்ததுபோல இருந்தது. வாழை இலைகள் அசையாமல் நின்றன. “இப்ப விட்டா முடியாது” என்று வீட்டுக்காரர் திருப்புளியை எடுத்தார். அடாப்டரை மாட்டினோம். சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. பெட்டியை மடியில் கவிழ்த்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். தபேலா வாசிக்கிற விரல்கள், அவருக்கு நடுங்காது. மூடியைத் திறந்தார். பழைய செல்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தார். புதுசை மாட்டத் தொடங்கினார். கடைசிச் செல் அவர் கையிலிருந்து நழுவி, உருண்டு, கட்டிலுக்கு அடியில் போனது. குனிந்து கையை விட்டுத் துழாவினார்.

விசிறி மெதுவாகச் சுற்றி நின்றது. வெளியில் காற்று இல்லை. எங்கோ சின்னமனூர்ப் பக்கம் அடித்திருக்கும்.

அவர் கட்டிலுக்கு அடியிலிருந்து செல்லோடு எழுந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, அதை மாட்டி மூடினார். நான் பெட்டியைத் திருப்பி நடுக் கறுப்பை அமுக்கினேன். கரகரவென்று ஒரு இரைச்சல் வந்தது. வேறு கட்டையைத் தொட்டேன். வேறு கட்டையில் அதே இரைச்சல்.

“ஐயோ” என்று கத்தினேன்.

நான் கத்த நினைக்கவில்லை. கட்டை பார்த்துக் கத்தவில்லை. வயிற்றின் அடியிலிருந்து அது தானாகக் கிளம்பி வந்தது. வீட்டுக்காரர் கையிலிருந்த திருப்புளி கீழே விழுந்தது. தோட்டத்துப் பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு மாமியார் ஓடி வந்தார்.

“ஏலே, யாரு வீட்டு எரும உள்ள வந்துச்சு?”

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். தன் தாயைப் பார்த்தார். “ஆத்தா, அது எரும இல்ல. ஓ மருமக” என்றார்.

பிறகு அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மெதுவாக, “இன்னொருக்கக் கத்து” என்றார். முடியாது என்று தலையாட்டினேன். இன்னொரு தடவை வாயைத் திறந்து பழைய உஸ் வந்துவிட்டால் செத்துப்போவேன் என்று இருந்தது. அவர் விடவில்லை. “மேல போகாத. இப்பக் கத்துன அதே எடத்துல” என்றார். கண்ணை மூடிக்கொண்டு திறந்தேன். வந்தது. தடிப்பாக, கரடுமுரடாக, தரையோடு தரையாக. ஆனால் அது காற்று இல்லை, குரல். அவர் பெட்டியைப் பியானோவுக்கு மாற்றி, இடது பக்கமாகக் கட்டை கட்டையாக இறங்கிப் பார்த்தார். இரண்டு கறுப்பு சேர்ந்திருக்கும் இடத்தில் முதல் கறுப்பில் வந்து நின்றார்.

“ஒண்ணரை” என்றார்.

அது ஆண்களின் கட்டை. அவர் தபேலாவின் கட்டை. இத்தனை மாதமும் நான் குளியலறையில் ஐந்தரையிலேயே தலையை முட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். கீழே ஒரு வீடு திறந்து கிடந்தது, ஒரு நாளும் அங்கே இறங்கிப் பார்க்கவில்லை. பாடகி என்று பெயர், கட்டை மாற்றிப் பாடிப் பார்க்கத் தோன்றவில்லை. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

“பாத்தியா” என்றார் மாமியார். “பொட்டியத் தொறந்து விட்டதும் தன்னால வந்துருச்சு. நான் சொன்னப்ப ஆரு கேட்டாக?” அவரோடு வாதாட எனக்கு இன்றுவரைக்கும் வழி இல்லை.

குரல் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன் என்று எழுதினால் அது பொய். எனக்கு இன்னும் பயமாகத்தான் இருந்தது. யாரோ முன்பின் தெரியாதவர் என் கழுத்துக்குள் உட்கார்ந்து பேசுவதுபோல இருந்தது. “சோறு வைக்கட்டுமா” என்று கேட்டுவிட்டு நானே திரும்பிப் பார்த்தேன்.

சாயந்தரம் அண்ணன் வந்தார். நடந்ததை வீட்டுக்காரர் சொன்னார். “இன்னைக்கி மெட்டு?” என்றார் அண்ணன். விடமாட்டார் மனிதர்.

நான் பிளாஸ்திரியை உரித்தேன். சிவப்புப் பொத்தானை அமுக்கி, என் ஒன்றரையில் ‘ஆ’ என்றேன். அடுத்து நான் செய்ததை அவர்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வலது பக்கமாக ஒவ்வொரு கட்டையாக ஏறினேன். எனக்கு ஒரு பேராசை. எருமை ஏறி ஏறி ஐந்தரைக்குப் போனால், அங்கே பழைய நான் இருப்பேனோ என்று. மூன்று கறுப்பில் நடுக் கறுப்பைத் தொட்டேன். கீச்சென்று, அவசரமாக, சாவி கொடுத்த பொம்மை பேசுவதுபோல ஒரு சத்தம் வந்தது. அது என் பழைய குரல் இல்லை. யார் குரலும் இல்லை.

விரலை எடுக்காமல் அப்படியே இருந்தேன். கண்ணீர் கட்டைகள்மேல் விழுந்தது. வீட்டுக்காரர் துண்டால் துடைத்தார், என் கண்ணை இல்லை, கட்டையை. தண்ணீர் உள்ளே போய்விடும் என்று அவருக்குக் கவலை.

“அங்குட்டுப் போகாத தங்கச்சி” என்றார் அண்ணன். “கீழ வா.”

கீழே வந்தேன். இரண்டு கறுப்பில் முதல் கறுப்பு. அன்றைக்கு ஒத்திகையில் எல்லோரும் சிரித்தபோது இந்தப் பக்கத்துக் கட்டைகளில் கேட்டது இதே குரல்தான். பெட்டி எனக்கு முன்கூட்டியே வாசித்துக் காட்டியிருக்கிறது, நான் எருமை என்று நினைத்து ஒதுக்கிவிட்டேன். அன்றைய மெட்டை அங்கேயே போட்டேன். காதில் விழுந்ததிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்பது விதி. எனவே “யாரு வீட்டு எரும, யாரு வீட்டு எரும” என்று போட்டேன். இரண்டாவது சுற்றில் நானும் சேர்ந்து பாடினேன். வாசலில் மாமியார் தலையில் அடித்துக்கொண்டார்.

மதுரை டாக்டர் பார்த்துவிட்டு, இவ்வளவு வந்ததே பெரிது, மேல் ஸ்தாயி திரும்பும் என்று சொல்லமுடியாது என்றார். ஆடியில் குச்சனூர் திருவிழாவுக்கு எங்கள் குழுவைக் கூப்பிட்டிருந்தார்கள். எனக்குப் பதில் பாட தேனியிலிருந்து ஒரு பெண்ணை அண்ணன் ஏற்பாடு செய்திருந்தார். அந்தப் பெண் எல்லாப் பாட்டையும் பாடட்டும், ஒன்றை மட்டும் நீ பாடு என்றார். ஆர்கனில் ஒரு பொத்தானை அமுக்கினால் பாட்டு மொத்தமும் ஒன்றரைக்கு இறங்கிவிடும். “மெஷினு எறங்கிரும், நீ எறங்குனாப் போதும்” என்றார்.

மேடையேறினேன். ஆற்றுப் பக்கத்திலிருந்து காற்று மைக்கில் அடித்து ஸ்பீக்கரெல்லாம் ‘ஹோ’ என்றது. கீழே ஆயிரம் தலை. ஐந்தரையை எதிர்பார்க்கிற காதுகள் அத்தனையும். நான் முதல் வரியை எடுத்ததும் முன்வரிசையில், “என்னப்பா ஆம்பளக் கொரலா இருக்கு” என்று ஒருவர் சொன்னது எனக்குக் கேட்டது. நிறுத்திவிட்டு இறங்கிப் போய்விடலாம் என்று இருந்தது. பின்னால் தபேலா என் கட்டையிலேயே பேசிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் அவர் வாத்தியமும் என் குரலும் ஒரே ‘ச’-வில் நின்றது அன்றைக்குத்தான். அதைப் பிடித்துக்கொண்டு பாட்டைக் கடைசிவரை கொண்டுபோய்விட்டேன்.

கைதட்டினார்களா என்று நினைவில்லை. வீட்டுக்காரர் தபேலாமேல் சாய்ந்து, “என்னத்தா, எப்படி இருந்துச்சு?” என்று கேட்டார். நான் திரும்பி, “பயமா இருந்துச்சுங்க” என்றேன்.

மைக்கை அணைத்திருக்கவில்லை. மைதானத்து நாலு மூலை ஸ்பீக்கரும், கோயில் வாசல் ஸ்பீக்கரும், ஆற்றங்கரை ஸ்பீக்கரும் சேர்ந்து, அந்தத் தடித்த குரலில், பயமாக இருந்தது என்று ஊருக்கே சொல்லின. நான் அப்படியே உறைந்து நின்றேன். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ ஒரு அம்மா, யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது, எழுந்து நின்று கத்தினார்.

“அதான் கொரலு நல்லாக் கேக்குதுல்லத்தா. அடுத்ததப் பாடு.”